வெற்று எடை

இந்த வாரம் முழுக்க
‘நான்’ என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது.
வியாழன் இரவு, டோபிக் கடை மாடியில்
ஐந்து பேரும் சேர்ந்து முடிவு செய்தது.
எடுத்துவிட்டால்
வலது பையிலிருக்கும் செம்பனைக் கொட்டை ஒன்று
இடது பைக்குப் போக வேண்டும்.
அவ்வளவுதான்.
சாம்பிராணி இல்லை, பாதபூஜை இல்லை,
கீழே துணி சுற்றும் எந்திரங்களின் உறுமல் மட்டும்.

கிளினிக் தாதி மேகவர்ணம்,
நம்மைவிட நல்ல தமிழ் பேசும் இரும்புக்கடை ஆ சியோங்,
லோரி ஓட்டும் பரஞ்சோதி,
பள்ளி வேன் சூசையம்மா,
ஆலையின் எடைமேடையில் உட்காரும் இந்த உடம்பு.
பஹாவில் யாராவது கேட்டால்
கூட்டுப் பணம் பிடிக்கிறோம் என்போம்.
பொய்யில்லை. எல்லாரும் கட்டுகிறோம்,
யாருக்கும் இன்னும் விழவில்லை.

முதல் நாள் காலை ஒன்பதுக்குள் பதினோரு கொட்டை.
‘நான்தான் அப்பவே சொன்னேனே.’
‘நான் என்ன மெஷினா?’
‘ஹலோ, நான்தான்.’
அக்காவிடம் போனில் பேசிய நாலு நிமிடத்தில் மட்டும் ஆறு.
அவள் நோயைப் பற்றித்தான் பேச்சு.

வேலை எளிது.
பழக்குலையோடு லோரி ஏறும்: 14,280.
கொட்டிவிட்டு வெறுமனே திரும்பும்: 6,940.
கழித்தால் பழம்.
ஊர் கண்ணுக்குப் பழமாய்த் தெரிவதில்
பாதிக்குக் கொஞ்சம் குறைய வெறும் இரும்பு, டயர்,
கண்ணாடியோரம் சாமி படம்,
டிரைவர் மறந்துவைத்த தூக்குச்சட்டி.
இத்தனை வருஷம் கழித்துக் கழித்துக் கொடுத்தும்
தன் வெற்று எடையை எழுத
இந்தக் கைக்குத் தோன்றியதில்லை.

புதன்கிழமை, மழை விட்ட பிறகு
குத்தகைக்காரர் தணிகாசலம் ஜன்னலைத் தட்டினார்.
இருநூறு கிலோ குறையுதாம்.
‘திருட்டுக் கிராணி’ என்றார்,
வரிசையில் நின்ற ஆறு லோரிக்கும் கேட்க.

சூடு வயிற்றில் கிளம்பியது.
அது கிளம்புவதைப் பார்க்க முடிந்தது, அதுவே புதிது.
நெஞ்சு, கழுத்து, காதுமடல்.
சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது,
பதினொரு வருஷத்து நேர்மையைத் தோளில் தூக்கிக்கொண்டு.
அதை விட்டுவிட்டு வாக்கியத்தைத் தொடங்கப் பார்த்தால்
வாக்கியமே இல்லை.
வாய் திறந்தபடி.
ஆலைக் கழிவின் புளித்த வாடை உள்ளே போனது.
செருப்பில் பத்து விரலும் இருந்தன.
‘லோரியப் பின்னால எடுங்க. பாத்துருவோம்.’

மேடைக்கும் சட்டத்துக்கும் இடையில்
மழை கொண்டுவந்த சேறு இறுகிக் கிடந்தது.
கம்பியால் குத்திக் கிளறியதும்
ஒரு தவளை எகிறி ஓடியது.
மறுபடி ஏற்றினோம்.
அவர் சொன்னது சரி.
இருநூற்றுப் பத்து.

மன்னிப்பு அவர் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது?
காலையில் போன ஒன்பது லோரிக்கும் போன் போட்டு
ரசீதைத் திருத்தி முடிக்க இரவு எட்டு.

வியாழன்.
பரஞ்சோதி ஒரு கொட்டைகூட மாற்றவில்லையாம்.
வாரம் முழுக்கப் பேசவே இல்லையாம்.
சிரித்துச் சிரித்து ஆ சியோங்குக்கு விக்கல்.
சூசையம்மா ‘நாம’ போட்டுச் சமாளித்ததை ஒப்புக்கொண்டு
மிச்சத்தையெல்லாம் அள்ளி இடது பையில் போட்டாள்.
தவளையைப் பற்றி
இந்தப் பக்கமிருந்து பேச்சு எழவில்லை.

மோட்டாரில் திரும்பும்போது, செம்பனை இருட்டில்
ஒன்று பிடிபட்டது.
சொல்லைத் துரத்தினாலும்
வந்தேன், பார்த்தேன், பொறுத்தேன் என்று
வினையின் வாலைப் பிடித்துத் தொங்குகிறது அது.
வாலை மட்டும் நறுக்கிப் பார்த்தால்:
ஏன்.

அதற்குப் பையில் கொட்டை போதாது.

அடுத்த வாரத்துக்கு வேறு பயிற்சி.
கதவைத் திறக்கும்போதெல்லாம்
எந்தக் கை திறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் நிற்கிறேன்.
கதவு திறந்துதான் கிடக்கிறது.